மூணு தடவை ஓடினாங்க, நாலாவது தடவை ஓட விடல

போன வருஷம் மே கடைசியில ஸ்டாக்ஹோம்ல இருக்கற தங்கச்சி வீட்டுக்குப் போய் ஒரு மாசம் இருந்துட்டு வந்தேன். மாப்பிள்ளை ஆபீஸ் போயிருவாரு, தங்கச்சியும் வேலைக்குப் போயிரும், பசங்க ஸ்கூலு, அதனால பகல் முழுக்க எனக்கு ஒண்ணும் வேலை இல்ல. ஒரு நாள் மாப்பிள்ளைதான் "மச்சான், நீங்க பஸ் பாடி கட்டற ஆளு, அந்தக் கப்பலைப் பாக்காம போகக்கூடாது"ன்னு சொல்லி வாசாங்கற பழைய போர்க்கப்பலை வெச்சிருக்கற மியூசியத்துல இறக்கி விட்டுட்டுப் போனாரு. ஒரு மணி நேரத்துல பாத்துட்டு வந்துரலாம்னு உள்ள போனவன் மூடறப்ப மணி அடிச்சதுக்கு அப்புறம்தான் வெளிய வந்தேன். அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல. தங்கச்சி உடம்பு சரியில்லயான்னு கேட்டுது. கப்பலைப் பத்தி யோசிச்சிட்டு இருக்கேன்னு சொன்னா நம்பவா போகுது, அதனால ஒண்ணும் சொல்லல. ஊருக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அது மனசை விட்டுப் போகல. அதான் எழுதிப் பாக்கறேன்.

நான் கரூர்ல பஸ் பாடி கட்டற பட்டறையில இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன். வெல்டிங் ஹெல்ப்பரா சேர்ந்து, ஃபிட்டர் ஆகி, அப்புறம் சூப்பர்வைசர். கப்பலைப் பத்தி எனக்கு முன்னாடி ஒண்ணும் தெரியாது. ஆனா அந்த ஹால்ல இருட்டுக்குள்ள அந்தக் கருத்த மரத்தைப் பாத்ததும் முதல்ல தோணுனது, இது நம்ம தொழிலேதான். கீழ ஒரு சேஸிஸ், மேல ஒரு பாடி, அந்தப் பாடிக்கு மேல ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாங்க.

1628 ஆகஸ்ட் 10, ஞாயித்துக்கிழமை

வாசா ஸ்வீடன் ராஜா இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃபோட போர்க்கப்பல். அப்ப அவருக்கு போலந்தோட சண்டை, ராஜா அங்க களத்துல இருக்காரு, கப்பல் எப்ப வரும்னு கடுதாசி மேல கடுதாசி. கட்டினவர் ஹென்ரிக் ஹிபெர்ட்சன்னு ஒரு டச்சுக்காரர். பெரிய கை. ஆனா வேலை நடுவுல உடம்பு முடியாம படுத்து 1627ல செத்துப்போயிட்டாரு, அவர்கிட்ட இருந்த ஹெய்ன் யாகோப்சன் மிச்சத்தை முடிச்சாரு. வரைபடம்னு ஒண்ணும் கிடையாது, எல்லாம் மேஸ்திரி தலைக்குள்ள இருக்கற கணக்குதான், அதுல எனக்கு ஆச்சரியம் இல்ல, நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம். கப்பலுக்குள்ள இருந்து நாலு அளவுகோல் எடுத்திருக்காங்க, அதுல ரெண்டு ஸ்வீடன் அடி, ரெண்டு ஆம்ஸ்டர்டாம் அடி. ஒண்ணுல அடிக்கு 12 அங்குலம், இன்னொண்ணுல 11 அங்குலம். அந்தக் கண்ணாடிக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன். கப்பலோட இடது பக்கமும் வலது பக்கமும் ஒண்ணா இல்லாம போனதுக்கு வேற சாட்சியே வேண்டாம், ஒரே பாடியில ரெண்டு டீம் ரெண்டு டேப் வெச்சு வேலை செஞ்சா என்ன ஆகும்னு என் கையே சொல்லும்.

கப்பல்ல 64 பீரங்கி, அதுல 48 பெரிய வெண்கலப் பீரங்கி, ஒவ்வொண்ணும் 24 பவுண்டு குண்டு போடறது, ஒண்ணே ஒரு டன்னுக்கு மேல இருக்கும். அது ரெண்டு தளத்துலயும். பொதுவா மேல்தளத்துக்கு சின்னப் பீரங்கி போதும், மரமும் கொஞ்சம் லேசா போடலாம், ஆனா இதுல மேலயும் கீழ மாதிரியே தடி உத்தரம். பின்பக்கம் அரண்மனை மாதிரி உசந்து போகுது, சிங்கம், ரோமாபுரி சக்கரவர்த்திங்க, வீரனுங்கன்னு நூத்துக்கணக்குல சிற்பம். கீல்னு சொல்ற அடிமரத்துல இருந்து நடுப் பாய்மரத்து உச்சி வரைக்கும் 52 மீட்டர் உசரம். கப்பல் நிமிந்து நிக்க அடியில போடற கனத்துக்கு பேலஸ்ட்னு பேரு, அதுக்குன்னு 120 டன் கல்லு போட்டிருக்காங்க. பத்தாது. ஆனா இன்னும் போடவும் முடியாது, ஏன்னா கல்லு ஏற ஏற கப்பல் இறங்கும், கப்பல் இறங்கினா கீழ்த்தளத்து பீரங்கி ஜன்னல் தண்ணிக்குப் பக்கத்துல வந்துரும். இந்த எடத்துல சிக்கிட்டா வெளிய வர்றதுக்கு ஒரே வழி மேல இருக்கறதை எறக்கறதுதான். எறக்கறதுன்னா ராஜாகிட்ட போய் சொல்லணும்.

அன்னைக்கு சாயங்காலம் காத்து ரொம்ப லேசு. பத்து பாய்ல நாலுதான் விரிச்சாங்க. பீரங்கி ஜன்னலெல்லாம் தொறந்து வெச்சு மரியாதைக் குண்டு போட்டுக்கிட்டு கிளம்புது, ஊரே கரையில நின்னு பாக்குது. முதக் காத்து அடிச்சு சாஞ்சுது, மெதுவா நிமிந்துது. ரெண்டாவது காத்துல சாஞ்சது நிமிரல, கீழ் ஜன்னல் வழியா தண்ணி உள்ள வந்துருச்சு. மொத்தம் போன தூரம் 1,300 மீட்டர் இருக்கும். கரையில இருந்து 120 மீட்டர்ல, 32 மீட்டர் ஆழத்துல, பாயும் கொடியும் விரிச்சபடியே இறங்கிருச்சு. முப்பது பேர் போல செத்தாங்க. நல்லவேளை 300 சிப்பாய் வழியில ஏற வேண்டியவங்க, இன்னும் ஏறல. ஆனா முதல் பயணம்ங்கறதால மாலுமிங்க தங்களோட குடும்பத்தைக் கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போகலாம்னு அனுமதி இருந்துச்சு. மியூசியத்துல எலும்புக்கூடுங்களை வெச்சிருக்காங்க. அதுல ஒண்ண இத்தனை வருஷமா ஆம்பளைன்னே நெனச்சிட்டு இருந்தாங்க, 2023ல டிஎன்ஏ பாத்து பொம்பளைன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. அந்த அம்மா பேரு யாருக்கும் தெரியாது.

முப்பது பேர்

இதெல்லாம் எங்க வேணா படிக்கலாம். என்னைத் தூங்க விடாதது வேற.

கப்பல் கிளம்பறதுக்குச் சில வாரம் முன்னாடி, அரண்மனைக்குக் கீழ கயித்துல கட்டி நிறுத்தி வெச்சிருக்கறப்ப, கேப்டன் சோஃப்ரிங் ஹான்சன் துணை அட்மிரல் கிளாஸ் ஃப்ளெமிங்கைக் கூட்டிட்டு வந்து ஒரு டெஸ்ட் காமிக்கறாரு. முப்பது மாலுமிங்களை மேல்தளத்துல நிக்க வெச்சு ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரத்துக்கு ஓடச் சொல்றாங்க. முதல் ஓட்டத்துல கப்பல் ஒரு பலகை அகலம் சாஞ்சுது. திரும்ப ஓடினாங்க, ரெண்டு பலகை. மூணாவது தடவை மூணு பலகை. ஃப்ளெமிங் போதும்னு நிறுத்திட்டாரு. இன்னொரு தடவை ஓடியிருந்தா கட்டின எடத்துலயே கவுந்திருக்கும்னு பயம்.

இதை விசாரணையில சொன்னது யோரன் மாட்சன்னு ஒரு மாலுமித் தலைவர், பாயும் கயிறும் பேலஸ்ட்டும் அவர் பொறுப்பு. அவர் ஃப்ளெமிங்கிட்ட கப்பல் சரியில்லைன்னு சொல்லியிருக்காரு. ஃப்ளெமிங் சொன்ன பதில், கட்டினவர் இதுக்கு முன்னாடி கப்பல் கட்டின ஆளுதான், நீ ஒண்ணும் கவலைப்பட வேண்டாம். மாட்சன் அதுக்கு, இது நேரா நிக்கணும்னு கடவுள்தான் பாத்துக்கணும்னு சொன்னாராம்.

பலகையை எண்ணுனாரு பாருங்க, அதுதான் எனக்கு. பாகை கிடையாது, கருவி கிடையாது, கணக்கு தெரியாது. கரையில நின்னு பாத்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. ஆனா தண்ணி கப்பலோட எத்தனையாவது பலகையத் தொடுதுன்னு ஒரு மனுசன் எட்டிப் பாத்து எண்ணியிருக்கான். ஒண்ணு, ரெண்டு, மூணு. நெத்தியடியா இதை விட ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் இருக்க முடியாது.

வாசா கதைய யார்கிட்ட சொன்னாலும் ராஜாவோட பேராசைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். பேராசை எல்லா ராஜாவுக்கும் உண்டு, எல்லா பஸ் ஓனருக்கும் உண்டு, அது கப்பலைக் கவுக்காது. டெஸ்ட்டே பண்ணாம விட்டாங்கன்னா தெரியாம நடந்ததுன்னு சொல்லலாம். இவங்க டெஸ்ட் பண்ணினாங்க. பதில் வந்துச்சு. பதில் வர வர நிறுத்தினாங்க. மூணாவது ஓட்டத்துக்கும் நாலாவது ஓட்டத்துக்கும் நடுவுல, அந்த ஃப்ளெமிங் வாயத் தொறந்த ஒரு நிமிஷம் இருக்கே, கப்பல் அங்கதான் மூழ்குச்சு. ஆகஸ்ட் 10 சும்மா தண்ணி உள்ள வந்த நாள்.

இதே மாதிரி வேற கப்பல் இருக்கான்னு தேடினேன்

ஊருக்கு வந்ததும் ராத்திரி ராத்திரி உக்காந்து படிச்சேன். வாசாவுக்கு 242 வருஷம் கழிச்சு இங்கிலாந்துக்காரங்க, உலகத்துலயே பெரிய கடற்படை, அவங்ககிட்ட ஹெச்எம்எஸ் கேப்டன்னு ஒரு இரும்புக் கப்பல். கௌப்பர் கோல்ஸ்னு ஒரு கடற்படை அதிகாரி, சுழல் பீரங்கி மேடையக் கண்டுபிடிச்சவர்கள்ல ஒருத்தர், பேப்பர்லயும் பார்லிமெண்ட்லயும் சண்டை போட்டு தன்னோட டிசைன்ல ஒரு கப்பல் கட்ட அனுமதி வாங்கினாரு. தலைமைக் கட்டுமான அதிகாரி எட்வர்ட் ரீடுக்கு அதுல சம்மதம் இல்ல. அதனால அவங்க டிபார்ட்மெண்ட் வரைபடத்துல ஒப்புதல்னு எழுதல, ஆட்சேபணை இல்லைன்னு எழுதுச்சு. இந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் நம்ம ஊர் ஆபீஸ்ல கையெழுத்து வாங்கினவங்களுக்கு நல்லாத் தெரியும்.

கட்டற எடத்துல எடைய யாரும் கட்டுக்குள்ள வெக்கல. 8 அடி தண்ணிக்கு மேல நிக்க வேண்டிய தளம் 6 அடி 7 அங்குலம்தான் நின்னுச்சு. அதுக்கு மேல முழு பாய்மரம் வேற. இந்தக் கப்பலோட விஷயம் வாசா மாதிரி இல்ல, கொஞ்சம் சாஞ்சா நல்லா நிமிரும், ஓட்டிப் பாத்தவங்க எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. ஆனா நிமித்தற சக்தி 21 பாகை சாய்வுல உச்சத்துக்குப் போயிட்டு அதுக்கு மேல குறைய ஆரம்பிச்சுரும். கூடவே போன மோனார்க்ங்கற கப்பலுக்கு அது 40 பாகை. இது 1870 ஜூலை கடைசியில போர்ட்ஸ்மவுத்ல பண்ணின சாய்வு டெஸ்ட்டோட கணக்குல தெரிய வந்துச்சு. கனத்தை ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் நகர்த்தி, தொங்கற தூக்குக்குண்டு எவ்வளவு நகருதுன்னு பாக்கறது. முப்பது மாலுமி ஓடினது போய் இரும்புக் கனம், பலகை எண்ணுனது போய் தூக்குக்குண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். கணக்கு போட்டு முடிக்கறதுக்குள்ள கப்பல் கிளம்பிப் போயிருச்சு.

செப்டம்பர் 6ஆம் தேதி அட்மிரல் மில்ன் அந்தக் கப்பலைப் பாக்க ஏறுறாரு. சாயற பக்கத்துத் தளத்து மேல தண்ணி ஏறி ஓடறதப் பாத்துட்டு இது எனக்குப் பழக்கம் இல்லன்னு சொல்றாரு. ராத்திரி தங்குங்கன்னு கூப்பிட்டாங்க, தங்காம தன்னோட கப்பலுக்குத் திரும்பிட்டாரு. நடுராத்திரி தாண்டி ஸ்பெயின் கரைக்கு வெளிய, ஃபினிஸ்டெர் முனைகிட்ட புயல் காத்துல கேப்டன் கப்பல் கவுந்துருச்சு. 480 பேர் கிட்ட போயிட்டாங்க, பொழச்சது 18 பேர். கோல்ஸும் அந்தக் கப்பல்லதான் இருந்தாரு, அவரும் போயிட்டாரு. கடற்படை அமைச்சரா இருந்த சில்டர்ஸோட பையனும் போயிட்டான். மோனார்க்ல இருந்த பையனை இந்தக் கப்பலுக்கு மாத்தி விட்டிருந்தாங்க. அந்த அமைச்சர் கணக்குல நம்பிக்கை இல்லாம கப்பலை அனுப்பல, நம்பித்தான் பெத்த பிள்ளைய ஏத்தினாரு. அதுக்கு மேல எனக்கு அதைப் பத்தி எழுத வரல.

மூணாவது ஜப்பான். எந்த நாடு எவ்வளவு போர்க்கப்பல் வெச்சுக்கலாம்னு கட்டுப்படுத்தற லண்டன் ஒப்பந்தம் 1930ல வந்தப்ப 600 டன்னுக்குள்ள இருக்கற கப்பலுக்குக் கட்டுப்பாடு இல்ல, அதனால அந்தச் சின்ன உடம்புக்குள்ள ஒரு பெரிய டிஸ்ட்ராயரோட பீரங்கியும் டார்பிடோவும் திணிச்சாங்க. அதுல ஒரு கப்பல் டோமோசுரு, 1934 மார்ச் 12, சசெபோ துறைமுகத்துக்கு வெளிய மோசமான கடல்ல பயிற்சிக்குப் போனது தலைகீழாக் கவுந்து மிதந்துச்சு. 113 பேர்ல 100 பேர் செத்தாங்க. அப்படியே தலைகீழா இழுத்துட்டு வந்தாங்க சசெபோவுக்கு. இதுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. அந்த ஒரு கப்பலோட விடல, கடற்படையில இருந்த மத்த கப்பலோட கணக்கையும் எடுத்துத் திரும்பப் பாத்தாங்க, மேல இருந்த பீரங்கிய எறக்கினாங்க, அடியில கனம் போட்டாங்க, கட்டிட்டு இருந்த கப்பலோட டிசைனையும் மாத்தினாங்க. எறக்க முடியும். எறக்கியிருக்காங்க. ஆனா 100 பேர் போனதுக்கு அப்புறம்.

என் வண்டி

2011ல நான் வேலை செஞ்ச ஒரு பட்டறை, பேர் வேண்டாம். ஸ்லீப்பர் கோச் ஒண்ணு. மேல் பெர்த் கீழ் பெர்த், கூரை மேல ஏசி. ஓனர் பாடி பாதி ஏறினதுக்கு அப்புறம் வந்து கூரை மேல பார்சல் கேரியர் வேணும்னாரு, பார்சல்லதான் காசுன்னாரு. மேஸ்திரி கொஞ்சம் முணுமுணுத்தாரு, அப்புறம் போட்டாச்சு. டெலிவரிக்கு முந்தின நாள் ட்ரையல் ஓட்ட ஓனரோட டிரைவர் வந்தாரு, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், மலைப்பாதையெல்லாம் ஓட்டின கை. கேரியர்ல சும்மா மணல் மூட்டை ஏத்தி பைபாஸ்ல ஒரு ரவுண்டு. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். பாலத்துக்குக் கீழ வளைஞ்சு திரும்பறப்ப வண்டி சாஞ்சுது, பெர்த் ஸ்கிரீனெல்லாம் ஒரு பக்கமாப் போச்சு. திரும்பி முடிச்சும் ஸ்கிரீன் உடனே வரல. அவர் ஓரங்கட்டி நிறுத்திட்டு ஸ்டியரிங் மேல கைய வெச்சுட்டு சொன்னாரு, "தம்பி, சாயறது எல்லா வண்டியும் சாயுமுங்க. இது நிமிர யோசிக்குது."

இன்னொரு ரவுண்டு போலாமான்னு கேட்டாரு. மணி ஆறாச்சு, விடிஞ்சா பூஜை, மாலை எல்லாம் வாங்கி வெச்சாச்சு. நான் சொன்னது எனக்கு வார்த்தை மாறாம ஞாபகம் இருக்கு. "மேஸ்திரி பாக்காத வண்டியாங்ணா, ஒண்ணும் ஆகாது, நீங்க கவலைப்படாதீங்க."

மியூசியத்துல ஃப்ளெமிங் சொன்ன பதிலைப் படிச்சப்ப என் கால் நின்ன எடத்துலயே நின்னுருச்சு. நானூறு வருஷத்துக்கு முந்தின ஸ்வீடன்காரன் வாயில என் வார்த்தை.

ஏழு மாசம் கழிச்சு ஒரு மலை வளைவுல அந்த வண்டி படுத்துருச்சு. சாவு இல்ல. பதினோரு பேருக்கு அடி, அதுல ஒரு பாட்டிக்கு இடுப்பு எலும்பு. டிரைவருக்கு வலது கை மணிக்கட்டு. அதிவேகம், கவனக்குறைவுன்னு கேஸ் அவர் மேல. பட்டறைக்கு யாரும் கேக்க வரல, நானும் போய் யார்கிட்டயும் சொல்லல. கேரியர்ல அன்னைக்கு எவ்வளவு லோடு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும், ஏன்னா வண்டிய இழுத்துட்டு வந்தப்ப நசுங்கின கேரியரை அறுத்து எடுத்தது எங்க ஆளுங்கதான்.

வாசாவுலயும் முதல்ல பிடிச்சு உள்ள போட்டது கேப்டனைத்தான். போதையில இருந்தியா, பீரங்கியக் கட்டாம விட்டியான்னு கேட்டாங்க. யாரும் போதையில இல்ல, பீரங்கி கட்டித்தான் இருந்துச்சு. அப்புறம் கட்டினவங்களைக் கேட்டாங்க. ராஜா ஒத்துக்கிட்ட அளவுலதான் கட்டினோம்னாங்க. அப்ப யார் தப்புன்னு கேட்டதுக்கு, ஒப்பந்தக்காரர் அரெண்ட் டி க்ரூட் கடவுளுக்குத்தான் தெரியும்னாரு. யாருக்கும் தண்டனை இல்ல. ஆனா யாகோப்சன் அதே பட்டறையில கட்டின அடுத்த கப்பல் எப்ளெட், 1629ல தண்ணியில இறங்குச்சு, வாசாவை விட அகலமா. முப்பது வருஷம் ஓடுச்சு. கடைசியில தேவையில்லாம போனதும் அவங்களே 1659ல மூழ்கடிச்சு விட்டாங்க, 2021ல வாக்ஸ்ஹோம் பக்கத்துல தண்ணிக்கடியில கண்டுபிடிச்சிருக்காங்க. அகலம் பத்தலைங்கறது கைக்குத் தெரிஞ்சிருந்துச்சு. கடவுளுக்கு மட்டும் இல்ல.

ஃப்ளெமிங்கைத் திட்டணும்னு எவ்வளவோ முயற்சி பண்ணிட்டேன், முடியல. அவருக்கு முன்னாடி ராஜாவோட கடுதாசி இருக்கு, பின்னாடி முப்பது மாலுமி மூச்சு வாங்கிட்டு நிக்கறாங்க. நாலாவது தடவை ஓடச் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? கட்டின எடத்துல, கரைய ஒட்டி, எல்லாரும் நீந்திக் கரை ஏறியிருப்பாங்க. அவமானம் ஃப்ளெமிங்குக்கு மட்டும். எனக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும், பூஜை நின்னுருக்கும், ஓனர் கத்தியிருப்பாரு, கேரியரை அறுத்து எடுக்க ஒரு நாள் போதும்.

போன மாசம் அந்த டிரைவர் நம்பரைத் தேடிப் பிடிச்சேன். இப்ப வண்டி ஓட்டறதில்ல, மகன் கூட மளிகைக் கடையில இருக்காரு. முதல்ல யாருன்னு தெரியல, பட்டறை பேர் சொன்னதும் தெரிஞ்சுது. நான் வாசா கதைய முழுசா சொன்னேன், முப்பது பேர் ஓடினது, பலகை எண்ணுனது, எல்லாம். குறுக்க பேசாம கேட்டாரு. கடைசியில மன்னிப்பு கேட்டேன். அதுக்கு அவர் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஏந்தம்பி, அந்த மாலுமி சொன்னது எப்படிங்க இத்தனை வருஷம் கழிச்சும் தெரியுது"ன்னு கேட்டாரு.

"விசாரணையில அவர் சொன்னதை எழுதி வெச்சிருக்காங்கண்ணா. இன்னும் இருக்குது."

"என்னைய யாருமே கேக்கலீங்களே தம்பி. எவ்வளவு ஸ்பீடுன்னு மட்டுந்தான் கேட்டாங்க."

அதனால இங்க எழுதறேன். 2011, கரூர் பைபாஸ், சாயங்காலம் ஆறு மணி. இது நிமிர யோசிக்குதுன்னு வண்டி ஓட்டினவர் சொன்னாரு. இன்னொரு ரவுண்டு போலாமான்னு கேட்டாரு. வேண்டாம்னு சொன்னது நான்.